மூணு பஸ் வாங்கிட்டீங்க, நாலாவது எது?

தம்பி கேட்டது சுருக்கமா இதுதான். லண்டன்ல ஒரு சாரிட்டி ஷாப்ல மூணு டைகாஸ்ட் பஸ், அதாவது உலோகத்தை அச்சுல வார்த்த குட்டி மாடல் பஸ், மூணும் சேத்து 25 பவுண்டுக்கு வாங்கிருக்கார். ஒரு சிவப்பு ஆர்டி டபுள் டெக்கர், ஒரு பச்சை ஆர்எஃப் சிங்கிள் டெக்கர் (ரெண்டும் லண்டன்ல ஓடுன பழைய பஸ் வகை), ஒரு பெட்ஃபோர்ட் ஓபி கோச். ரெண்டுல லிமிடெட் எடிஷன் சர்டிபிகேட் இருக்காம். இது இன்வெஸ்ட்மென்ட் ஆகுமா, பெட்டியை விட்டு வெளிய எடுக்கலாமா, அடுத்து எதை வாங்கணும்னு கேக்குறார். நான் தெற்கு லண்டன்ல க்ராய்டன் பக்கம் இருக்கேன், இருபது வருஷமா இந்தப் பைத்தியம் புடிச்சு அலையுறேன், வீட்டுல நூத்திச் சொச்சம் பஸ் நிக்குது, அதனால கொஞ்சம் நீளமாத்தான் பதில் வரும், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

முதல்ல காசு மேட்டரை முடிச்சிடுவோம். இன்வெஸ்ட்மென்ட் கிடையாது. 90கள்ல எக்ஸ்க்ளூசிவ் ஃபர்ஸ்ட் எடிஷன்ஸ், கார்கி மாதிரி கம்பெனிங்க இதை பெரியவங்களுக்கான கலெக்ஷன் பொருளா வித்தாங்க, வாங்குன அத்தனை பேரும் பெட்டியோட, சர்டிபிகேட்டோட அலமாரில பூட்டி வச்சாங்க. பழைய டிங்கி கம்பெனி பொம்மை பஸ்ஸுக்கு ஏன் விலைன்னா அதை பசங்க மண்ணுல போட்டு உருட்டி உடைச்சு, மிச்சம் இருக்குறது கொஞ்சம்தான். இங்க எல்லாமே மிச்சம் இருக்கு! அப்ப வாங்குனவங்க இப்ப வயசாகி வீட்டைக் காலி பண்றாங்க, இல்ல அவங்க பசங்க காலி பண்றாங்க, டப்பா டப்பாவா ஏலத்துக்கு வருது. சர்டிபிகேட்ல போட்டிருக்குற நம்பரைப் பாத்து மயங்க வேணாம், சில ஆயிரம் செஞ்சாலும் அது லிமிடெட்தான். ஆனா இதுல ஒரு நல்லதும் இருக்கு, நம்மள மாதிரி ஆளுங்க கம்மி காசுல நல்ல மாடல் வாங்க முடியுது, உங்க 25 பவுண்டு ஒண்ணும் மோசம் இல்ல.

அதனால பெட்டியைப் பிரிங்க, தாராளமா. பெட்டியைத் தூக்கிப் போட வேணாம், தட்டையா மடிக்க முடிஞ்சா மடிச்சு அட்டத்துல போடுங்க, நாளைக்கு விக்கணும்னா பெட்டி இல்லாததுக்கு விலை பாதியா கேப்பாங்க. அவ்வளவுதான் பெட்டியோட கதை.

அடுத்து ஸ்கேல், அதாவது நிஜ பஸ்ஸை எத்தனை மடங்கு சுருக்கிருக்காங்கங்கிறது. இதைப் புரிஞ்சுக்காமதான் நான் முதல் வருஷம் ஏகப்பட்ட காசைத் தொலைச்சேன். பிரிட்டிஷ் பஸ் மாடல்ல ராஜா 1:76. ஏன் இந்த விநோதமான நம்பர்னா அது ரயில் மாடல்காரங்க குடுத்த சொத்து. மத்த நாட்டுல எல்லாம் ஹெச்ஓ ஸ்கேல், 1:87, அதாவது ஒரு அடிக்கு 3.5 மில்லிமீட்டர். பிரிட்டன்ல ரயில் இன்ஜினே நிஜத்துல கொஞ்சம் சின்னது, அந்த ஸ்கேல்ல செஞ்சா அந்தக் காலத்து மோட்டார் உள்ள நுழையல, அதனால தண்டவாளத்தை அப்படியே 16.5 மில்லிமீட்டர்ல விட்டுட்டு இன்ஜினை மட்டும் ஒரு அடிக்கு 4 மில்லிமீட்டர்னு பெருசாக்கிட்டாங்க. அதுதான் டபுள் ஓ. அந்த ரயில் ஸ்டேஷன் வாசல்ல நிறுத்த பஸ் வேணும்ல, அப்படி வந்ததுதான் 1:76.

நமக்கு இதுல ஒரு வசதி, கணக்கு வாயாலயே போடலாம். ஒரு அடிக்கு 4 மில்லிமீட்டர். ஆர்டி 26 அடி நீளம், மாடல் 104 மில்லிமீட்டர். ஆர்டிக்கு அப்புறம் வந்த லண்டன் டபுள் டெக்கர் ரூட்மாஸ்டர் 27 அடி 6 அங்குலம், 110. நீளமான ரூட்மாஸ்டர் ஆர்எம்எல் 30 அடி, 120. அளவுகோலை எடுத்து வச்சு அளந்தா பொருள் ஒழுங்கா செஞ்சதான்னு அங்கயே தெரிஞ்சிடும். ஆர்டி அகலம் 7 அடி 6 அங்குலம், லேலண்ட் கம்பெனி செஞ்ச அதோட தம்பி ஆர்டிடபிள்யூ 8 அடி அகலம், மாடல்ல வித்தியாசம் வெறும் 2 மில்லிமீட்டர். அந்த 2 மில்லிமீட்டருக்காக ரெண்டு பெருசுங்க ஒரு ஸ்டால் முன்னாடி அரை மணி நேரம் சண்டை போட்டதை நான் நின்னு பாத்திருக்கேன், இப்ப நானே போடுவேன்.

உங்க பெட்ஃபோர்ட் ஓபியை மட்டும் தனியா எடுத்து அளந்து பாருங்க. கார்கி 80கள்ல அதை 1:50ல செஞ்சாங்க, 1:76லயும் ஓபி வந்திருக்கு. 15 சென்டிமீட்டர் பக்கம் வந்தா 1:50, 10 சென்டிமீட்டருக்குள்ள இருந்தா 1:76. பெருசா இருந்தா அதை ஆர்டி பக்கத்துல நிறுத்தாதீங்க, இருபத்தொம்போது பேர் உக்காரக்கூடிய கிராமத்து கோச், 56 சீட் டபுள் டெக்கரை விட நீளமா நிக்கும், கண்ணு உறுத்தும். சன்ஸ்டார் பண்ண 1:24 ரூட்மாஸ்டர்னு ஒண்ணு இருக்கு, 35 சென்டிமீட்டர், அழகு சொல்லி மாளாது, ஆனா அது ஒண்ணு வாங்குனா அலமாரி முடிஞ்சுது, வீட்டம்மாகிட்ட பதில் சொல்லணும்.

கம்பெனி பத்தி ரொம்ப இழுக்கல. எக்ஸ்க்ளூசிவ் ஃபர்ஸ்ட் எடிஷன்ஸ், எல்லாரும் ஈஎஃப்ஈன்னு சொல்றது, 1989ல ஆரம்பிச்சது, பழைய லண்டன் பஸ்ஸுக்கு முதல்ல இங்கதான் தேடணும், ஆர்டி, ஆர்எஃப், ரூட்மாஸ்டர், ப்ரிஸ்டல் வண்டிங்க எல்லாம் இருக்கு. இப்ப அந்தப் பேரு பேக்மன்கிட்ட. கார்கியோட ஒரிஜினல் ஆம்னிபஸ் வரிசைல கோச், மேல போற கம்பில கரன்ட் எடுத்து ஓடுற ட்ராலிபஸ், லண்டனுக்கு வெளிய ஓடுன வண்டிங்க நல்லா இருக்கும், கார்கியை 2008ல ஹார்ன்பி வாங்கிடுச்சு. ஆக்ஸ்ஃபோர்டு டைகாஸ்ட் விலை கம்மி, ஃபினிஷ் பரவால்ல. பழைய ஈஎஃப்ஈல சக்கரம் கொஞ்சம் பொம்மைத்தனமா இருக்கும், ஜன்னல் கண்ணாடி தடியா இருக்கும், அதெல்லாம் பொறுத்துக்கலாம். லெடோன்னு ஒரு பேர் பாப்பீங்க, மேட்ச்பாக்ஸ் ஆரம்பிச்ச ஆளுங்கள்ல ஒருத்தரான ஜாக் ஓடெல் தன் பேரைத் திருப்பிப் போட்டு வச்ச கம்பெனி, பாக்க ஜம்முனு இருக்கும் ஆனா ஸ்கேல் கிடையாது, பெட்டிக்கு ஏத்த மாதிரி பஸ்ஸைச் சுருக்கிருப்பாங்க. விளம்பரத்துக்காக கண்ட கண்ட கம்பெனி பேர் போட்டு அடிச்சுத் தள்ளுனதும் அதுலதான் ஜாஸ்தி. அதை விட்டுடுங்க.

இப்ப முக்கியமான விஷயம், நாலாவது பஸ் எதுன்னு. என் பதில், பஸ்ஸை முடிவு பண்ணாதீங்க, ஊரை முடிவு பண்ணுங்க, வருஷத்தை முடிவு பண்ணுங்க. நான் ஆரம்பத்துல அழகா இருக்குதுன்னு முப்பது பஸ் வாங்கி வச்சிருந்தேன், கிளாஸ்கோ ஒண்ணு, டெவன்ல இருந்து ஒண்ணு, 1930 ஒண்ணு, 1985 ஒண்ணு. வரிசையா நிறுத்திப் பாத்தா பஸ் டிப்போ மாதிரி இல்ல, லாஸ்ட் ப்ராப்பர்ட்டி ஆபீஸ் மாதிரி இருந்துச்சு. அதுல இருவத்தி நாலை வித்துட்டேன்.

இப்ப என்கிட்ட இருக்குறது கிட்டத்தட்ட எல்லாமே க்ராய்டன், 1951ல இருந்து 1979 வரைக்கும். ஏன் 1951னா அந்த ஏப்ரல்லதான் பர்லி பக்கம் இருந்து எம்பாங்க்மென்ட் போன 16, 18 நம்பர் ட்ராம் நின்னு போய் 109 நம்பர் பஸ் வந்துச்சு. ஏன் 1979னா அந்த வருஷம்தான் ரெண்டு பழைய வகையும் லண்டன் ரோட்டை விட்டுப் போச்சு, மார்ச் 30 கிங்ஸ்டன்ல கடைசி ஆர்எஃப், ஏப்ரல் 7 பார்க்கிங்ல 62 நம்பர்ல கடைசி ஆர்டி. எட்டே நாள்ல ரெண்டு தலைமுறை முடிஞ்சுது. இந்த இருபத்தெட்டு வருஷத்துக்குள்ள க்ராய்டன்ல என்னென்ன ஓடுச்சோ அது மட்டும்தான் வாங்குறது. 654 ட்ராலிபஸ் சட்டன்ல இருந்து க்ரிஸ்டல் பேலஸ் வரை ஓடுச்சு, 1959 மார்ச்ல அதை எடுத்துட்டு 154னு ஆர்டி விட்டாங்க, அந்த மாத்தத்துக்கே ரெண்டு வண்டி வேணும் பாருங்க.

வெஸ்ட் க்ராய்டனோட அழகு என்னன்னா அப்ப அங்க சிவப்பும் பச்சையும் ஒண்ணா நிக்கும். அப்ப லண்டன் பஸ்ஸை ஓட்டுன லண்டன் ட்ரான்ஸ்போர்ட்டுக்கு நடு லண்டன்ல சிவப்பு பஸ், சுத்துப்பட்டு கிராமத்துப் பக்கம் பச்சை. க்ராய்டன் அந்த ரெண்டும் முட்டுற எல்லை. 408 கில்ஃபோர்டு பக்கம் போற பச்சை, 414 ஹார்ஷம் போற பச்சை, பக்கத்துலயே 109 சிவப்பு, அதுக்கு நடுவுல க்ரேவ்ஸெண்ட்ல இருந்து க்ராய்டன் வழியா விண்ட்ஸர் வரைக்கும் லண்டனைச் சுத்திப் போற 725 க்ரீன் லைன் கோச், அது ஆர்எஃப். 1970 ஜனவரி 1ல பச்சை வண்டி எல்லாம் லண்டன் கன்ட்ரின்னு தனிக் கம்பெனியா பிரிஞ்சு போச்சு. அலமாரில ஒரே தட்டுல இந்தக் கதை மொத்தமும் நிக்கும், யாராவது வீட்டுக்கு வந்து கேட்டா அரை மணி நேரம் சொல்லலாம், அதுக்கப்புறம் அவங்க மறுபடி வர மாட்டாங்க, அது வேற விஷயம்.

உங்களுக்கு க்ராய்டனே வேணும்னு இல்ல. நீங்க குடியிருக்குற ஊர், இல்ல வேலை பாக்குற ஊர், எதுவா இருந்தாலும் சரி. லண்டனுக்கு வெளியன்னா இன்னும் சுவாரஸ்யம், ப்ரிஸ்டல் கம்பெனி செஞ்ச லோடெக்கா டபுள் டெக்கரைச் சொல்லியே ஆகணும். பிரிட்டன்ல தாழ்வான ரயில் பாலம் நிறைய, சாதா டபுள் டெக்கர் 14 அடி 6 அங்குலம், அடில போகாது. அதுக்காக லோடெக்காவுக்கு முன்னாடி, ஒரு அடி உயரத்தைக் குறைக்க, மாடில நடைபாதையை நடுவுல வைக்காம ஓரமா பள்ளமா வச்சாங்க, நாலு நாலு பேர் ஒரே பெஞ்சுல, ஜன்னலோரம் உக்காந்தவன் எறங்கணும்னா மூணு பேரைத் தாண்டணும். அந்தப் பள்ளம் கீழ் மாடில டிரைவர் பக்கத்து சீட்டுக்கு மேல துருத்திட்டு நிக்கும், எழுந்திரிக்கறப்ப மண்டைல ‘ணங்’குனு இடிக்கும், இடிக்காம எழுந்திரிங்கன்னு போர்டே வச்சிருப்பாங்க. ப்ரிஸ்டல்காரங்க என்ன பண்ணாங்கன்னா இன்ஜின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டு போற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டை நடுவுல இருந்து ஓரத்துக்கு நகத்தி, பின் ஆக்ஸிலை நடுவுல தாழ்த்தி, கீழ் தளத்தையே எறக்கிட்டாங்க. மொத்த உயரம் குறைஞ்சுது, மாடில நடுவுல நடைபாதையும் கிடைச்சுது. 1949ல ப்ரோட்டோடைப், அப்புறம் 1968 வரைக்கும் செஞ்சாங்க.

இதுல மாடல் சேக்குறவனுக்கு என்ன முக்கியம்னா, ப்ரிஸ்டல் சேஸிஸ் (அடிச்சட்டம்), லோஸ்டாஃப்ட்ல ஈஸ்டர்ன் கோச் வொர்க்ஸ் கட்டுன பாடி, ரெண்டும் 1948க்கு அப்புறம் அரசாங்கத்துக்குச் சொந்தம், 1965 வரைக்கும் அரசாங்க பஸ் கம்பெனிக்கு மட்டும்தான் விக்கலாம்னு கட்டுப்பாடு. அந்தக் கம்பெனிங்க பெரும்பாலும் டில்லிங்ங்கிற பஸ் குழுமத்தோட சிவப்பு இல்லேன்னா பச்சை, ரெண்டே கலர். அதனால மாடல் கம்பெனிக்கு லட்டு மாதிரி, ஒரே அச்சு, பேரையும் போர்டையும் மாத்தி மாத்தி டஜன் கணக்குல விக்கலாம், அதுவும் சரித்திரப்படி சரியா இருக்கும். மத்த வண்டிங்களுக்கு அப்படி இல்ல. ஒரு அச்சு செய்யறதுக்கு எக்கச்சக்க செலவு, அதனால ஒரே அச்சுல நிஜத்துல வேற மாதிரி ஜன்னல், வேற ரேடியேட்டர் இருந்த பஸ்ஸுக்கும் கலர் அடிச்சு விட்டுடுவாங்க. வாங்குறதுக்கு முன்னாடி அந்த நம்பர் பஸ்ஸோட பழைய போட்டோ ஒண்ணைத் தேடிப் பாத்துடுங்க, முன் முகமும் போர்டு பெட்டியும் ஒத்துப் போனா வாங்குங்க.

லண்டன் ஆர்டில இன்னொரு கூத்து. பெரிய ஓவர்ஹால் எல்லாம் ஆல்டன்ஹாம் பட்டறைல நடக்கும். அங்க பாடியை ஒரு பக்கம், சேஸிஸை ஒரு பக்கம் பிரிச்சு ரிப்பேர் பண்ணுவாங்க, ரெண்டும் ஒரே நாள்ல முடியாது, எந்த சேஸிஸ் ரெடியோ அது மேல எந்த பாடி ரெடியோ அதைத் தூக்கி வச்சு ஏதோ ஒரு நம்பரைப் போட்டு அனுப்பிடுவாங்க. உள்ள போன ஆர்டி வேற, அதே நம்பர்ல வெளிய வந்த ஆர்டி வேற. நெத்தில ரூட் நம்பர் பெட்டி வச்ச பாடி 1955ல ஒரு நம்பர்ல இருக்கும், அடுத்த ஓவர்ஹாலுக்கு அப்புறம் வேற நம்பர்ல இருக்கும். அதனால ஒருத்தன் உங்க மாடல் தப்புன்னு சொன்னா, ‘எந்த வருஷத்துக்குத் தப்பு’ன்னு திருப்பிக் கேளுங்க, பாதிப் பேர் அமைதியாயிடுவான்.

அதனாலதான் நான் முதல்ல பாக்குறது பக்கவாட்டுல இருக்குற குட்டி எழுத்தை. டிப்போவுக்கு ஒரு கோட் இருக்கும், தார்ன்டன் ஹீத் டிஎச், சவுத் க்ராய்டன் டிசி, ப்ரிக்ஸ்டன் பிஎன், கேம்பர்வெல் வெறும் க்யூ, சட்டன் வெறும் ஏ. பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தா மாடல்லயும் தெரியும். போர்டுல ஒரு ரூட்டும் பக்கவாட்டுல அந்த ரூட்டுக்குச் சம்பந்தமே இல்லாத டிப்போ கோடும் இருந்தா அந்த டிசைன் பண்ணவன் தூங்கிருக்கான். போர்டு, அதாவது ப்ளைண்டு, பிடிக்கலேன்னா பேப்பர்ல பிரிண்ட் பண்ணதை வெட்டி ஒட்டிக்கலாம், நான் அஞ்சாறு வண்டிக்கு பண்ணிருக்கேன். அப்படி நாமளே மாத்துனா அதுக்கு கோட் 3ன்னு பேரு, விக்கறப்ப விலை எறங்கும், ஆனா பாக்குறதுக்கு நம்ம பஸ்ஸா இருக்கும்.

பராமரிப்பு. வெயில்தான் முதல் எதிரி. நான் ஜன்னலோரமா ஒரு வரிசை ஆர்டி வச்சிருந்தேன், ரெண்டு கோடைக்கு அப்புறம் ஒரு பக்கம் லண்டன் சிவப்பு, மறுபக்கம் வெளுத்துப் போன மிளகாய்த் தூள் கலர். தூசிக்கு மேக்கப் ப்ரஷ் போதும், ஈரத் துணி கூட யோசிச்சுத்தான். ஸ்பிரிட் மட்டும் தொடவே கூடாது, பஸ்ஸுல இருக்குற எழுத்து எல்லாம் ரப்பர் பேட்ல மை ஒத்தி எடுத்தது, ஒரு தடவை பிசுக்கு போகட்டும்னு ஸ்பிரிட்டால துடைச்சேன், பிசுக்கோட சேத்து விளம்பரமும் போச்சு, இப்பவும் அந்த வண்டி மொட்டையா நிக்குது. உள்ள ஸ்பாஞ்ச் வச்ச பெட்டியா இருந்தா பஸ்ஸை உள்ள விட்டு வைக்காதீங்க, வருஷம் ஆக ஆக அது பிசுபிசுன்னு பெயின்ட்ல ஒட்டிக்கும்.

பழைய டிங்கி பக்கம் போகணும்னு ஆசை வரும், எல்லாருக்கும் வரும். 1938ல வந்த 29சி டபுள் டெக்கர், பின்னாடி 290னு நம்பர் மாறி டன்லப் விளம்பரத்தோட வந்தது, அப்புறம் 1954ல வந்த மேட்ச்பாக்ஸ் நம்பர் 5, 1964ல கார்கி 468 ரூட்மாஸ்டர். இதெல்லாம் பொம்மை, ஸ்கேல் மாடல் இல்ல, ஆனா கைல எடுத்தா கீழ வைக்க மனசு வராது. ரெண்டு ஆபத்து இருக்கு. போருக்கு முந்தின டிங்கில துத்தநாகக் கலவைல ஈயம் கலந்து போயிருந்தா உலோகமே உள்ளுக்குள்ள வெடிச்சு, வீங்கி, ஒரு நாள் பிஸ்கட் மாதிரி உதிரும், இதுக்கு வைத்தியம் கிடையாது. மெல்லிசா கோடு கோடா விரிசல், வளைஞ்ச கூரை தெரிஞ்சா வச்சுட்டு வந்துடுங்க. இன்னொண்ணு ரீபெயின்ட். அடில இருக்குற ரிவெட்டைப் பாருங்க, துளை போட்டு எடுத்து மறுபடி அடிச்சிருந்தா பிரிச்சு பெயின்ட் அடிச்ச வண்டி. நான் ஒரு சந்தைல ‘ஒரிஜினல் சார்’னு சொன்ன ஆளை நம்பி நல்ல விலை குடுத்து வாங்கிட்டு வந்து வீட்டுல திருப்பிப் பாத்தேன், ரிவெட்டுக்குப் பதிலா திருகாணி!

வாங்குற இடம்னா ஆன்லைனை விட டாய் ஃபேர், இல்ல பழைய பஸ்ஸெல்லாம் கூடுற பஸ் ராலி நல்லது. ராலில நிஜ ஆர்டி பக்கத்துல நின்னுட்டு அதோட மாடலை வாங்கலாம், கூடவே அதுல ஒரு சுத்து போயிட்டும் வரலாம். மத்தியானம் மூணு மணிக்கு மேல போங்க, திருப்பித் தூக்கிட்டுப் போக சோம்பல்பட்டு விலையைக் குறைப்பாங்க. முதல்ல உடையறது சைடு மிரர், அதை எண்ணிப் பாத்துட்டு காசைக் குடுங்க.

ஆர்டியை நம்ம பக்கத்து ஆளுங்க சிலர் சின்ன வயசுலயே பாத்திருப்பாங்க. லண்டன்ல ஓய்வு குடுத்த ஆர்டி, அதோட லேலண்ட் வகையான ஆர்டிஎல் நூத்துக்கணக்குல இலங்கைப் போக்குவரத்துச் சபை வாங்கி ஓட்டுச்சு. கொழும்புல இருந்து வந்த ஒரு ஐயா என் அலமாரியைப் பாத்துட்டு, இது எங்கட பஸ் அல்லோன்னு ஆர்டியை உரிமையா கைல எடுத்துட்டார், அதுக்கப்புறம் எல்லாரும் திட்டுற என் கலெக்ஷனுக்கு ஒரு ரசிகர் கிடைச்சார். சென்னைல வளந்தவங்களுக்கு எண்ணூர்ல அசோக் லேலண்ட் செஞ்ச டைட்டன் டபுள் டெக்கர் ஞாபகம் வரும், அந்த டைட்டன்ங்கிற பேரே 1927ல லங்காஷயர்ல லேலண்ட் விட்ட டிடி1ல இருந்து வந்தது. அந்த டிடி1ஐ டிசைன் பண்ண ராக்கம் மறு வருஷமே ஏஈசிங்கிற பஸ் கம்பெனிக்குத் தாவி ரீஜென்ட்னு போட்டி வண்டி செஞ்சார், அந்த வம்சத்துல வந்ததுதான் உங்க கைல இருக்குற ஆர்டி.

சரி, உங்க மூணுக்கு வருவோம். ஆர்டியோட போர்டுல என்ன ரூட் நம்பர், பக்கத்துல என்ன டிப்போ எழுத்துன்னு பாத்து எழுதி வைங்க, அதுதான் உங்க ஊரா ஆகப் போகுது. பச்சை ஆர்எஃப்ல க்ரீன் லைன் பேர் இருக்கா இல்ல சாதா கிராமத்து பஸ்ஸான்னு பாருங்க, பச்சைனா கதவு இருக்கணும், சிவப்பு ஆர்எஃப்தான் ஆரம்பத்துல கதவே இல்லாம ஓடுச்சு. இந்த ரெண்டும் ஒரே பக்கத்து வண்டியா அமைஞ்சா உங்களுக்கு அதிர்ஷ்டம், ரெண்டும் சந்திக்கிற ஊர் எதுன்னு பாத்து அங்க ஓடுன ரூட்மாஸ்டரை நாலாவதா வாங்குங்க. குட்டை ஆர்எம்மா, நடுவுல குட்டி ஜன்னல் ஒண்ணு கூடுதலா வச்ச ஆர்எம்எல்லான்னு அந்த ரூட்டைப் பாத்துட்டு வாங்கணும், ஒண்ணு 64 சீட், இன்னொண்ணு 72. ஓபி 1:50ஆ இருந்தா புக் ஷெல்ஃப்ல தனியா வைங்க, அதுக்காக வித்துடாதீங்க, மூணுல அழகு அதுதான். அளந்துட்டு எத்தனை மில்லிமீட்டர்னு சொல்லுங்க, ஆர்டி நெத்தில பெட்டி இருக்கா இல்லையான்னும் சேத்து சொல்லுங்க.